பாலம் ஏறிய சைக்கிள்

என் வீட்டுக்காரருக்கு மோட்டார் என்றால் உயிர். அப்படியானால் நான் எத்தனையாவது என்று கல்யாணமான புதிதில் சண்டை பிடித்திருக்கிறேன். எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டும் கடையில் அவருக்கு வேலை. யாரோ கழித்துப்போட்ட மின்சார ஸ்கூட்டரின் மோட்டாரை சைக்கிளின் பின்சக்கரத்தில் பொருத்தி, பேட்டரியை பெல்ட்டால் கட்டி, "இனிமே உனக்கு பஸ்ஸே வேணாம்" என்று கொண்டுவந்து நிறுத்தினார்.

எனக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் ரத்தத்தைச் சுத்தம் செய்தாக வேண்டும். நேரத்துக்குப் போகாவிட்டால் படுக்கையை அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். பஸ்ஸில் நின்றால் தலை சுற்றும். ஆக, அவர் ஓட்ட நான் பின்னால் உட்கார்ந்து போகும் அந்த சைக்கிள்தான் கதி.

வழியில் ஒரு ரயில்வே மேம்பாலம். பாதி ஏறுவதற்குள் மோட்டார் முனகி நின்றுவிடும். நான் இறங்கிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பேன். ஒரு நாள் அப்படி நடந்ததில் படுக்கை போய்விட்டது. மறுநாள் மூச்சு முட்டி நான் கிடந்த கிடப்பைப் பார்த்தவர், சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து அதன்முன் உட்கார்ந்துவிட்டார்.

முப்பத்தாறு வோல்ட் பேட்டரி போய் நாற்பத்தெட்டு வந்தது. கரன்ட்டை அதிகம் விடுகிற கன்ட்ரோலர் வந்தது. பழைய ஒயர் தாங்காது என்று தடித்த ஒயர் போட்டார். வேகத்தில் சக்கரத்தின் அச்சு முறுக்கிக்கொண்டு கழன்றுவிடாமல் இரும்புத் தகடு வைத்துப் பூட்டினார். சாப்பிடக் கூப்பிட்டால், "ஒரே ஒரு முடுக்கு" என்பார். அந்த ஒரே ஒரு முடுக்கு லேசில் முடியாது.

முதல் தடவை பாலத்தில் ஊர்ந்துதான் ஏறியது. ஆனால் நிற்கவில்லை. அதன்பிறகு வாரத்துக்கு வாரம் வேகம் கூடிக்கொண்டே போனது. உச்சிக்கு வந்ததும் திரும்பிப் பார்ப்பார்.

"போன வாரத்தவிட எப்படிப் பறக்குது பாத்தியா? ஓட ஓடத்தான் மோட்டார் பழகும். எல்லாம் கை ராசி!"

"ரோட்டப் பாத்து ஓட்டுங்க" என்பேன்.

ஏன் பறக்கிறது என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு தடவையும் ஆஸ்பத்திரியில் உள்ளே எடை பார்ப்பார்கள். "சதை கரையுதும்மா, என்னதான் சாப்பிடுறீங்க?" என்று நர்ஸ் திட்டாத நாளில்லை. அவரை உள்ளே விடுவதில்லை. என் முகமோ நீர் கோத்து உப்பியிருக்கும். குளிருகிறது என்று சட்டைக்கு மேல் சட்டை போட்டு, ஸ்வெட்டரும் மாட்டியிருப்பேன். சொல்லியிருக்கலாம். ஆனால் எனக்குச் சீக்கு வந்த பிறகு அந்த மனுஷன் சிரித்தது பாலத்து உச்சியில் மட்டும்தான். அதில் மண்ணைப் போட எனக்கு மனசு வரவில்லை.

என் தம்பி வந்திருந்த அன்று வந்தது வினை. நான் நன்றாக இருந்த காலத்தில் அவன் எடையும் என் எடையும் ஒன்றுதான். "ஏறு மாப்ள, காட்டுறேன்" என்று அவனைப் பின்னால் உட்காரவைத்துப் பெருமையாகக் கிளம்பிப் போனார். திரும்பி வரும்போது தம்பி விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தான்.

"ராக்கெட்டுன்னீங்க மாமா, பாதிப் பாலத்துலயே மாட்டு வண்டியாயிடுச்சே!"

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. பேட்டரியைப் பார்த்தார், சார்ஜ் முழுசாக இருந்தது. ஒயர், டயர் எல்லாம் தடவிப் பார்த்தார்.

"நேத்து இவள வச்சு அந்தப் பற பறந்துச்சேடா. இவ உக்காந்தா மட்டும் எப்படி..."

என்னை நிமிர்ந்து பார்த்தார். கிட்டே வந்து, தம்பி இருக்கிறானே என்றுகூடப் பார்க்காமல், இரண்டு கையாலும் என்னைத் தூக்கினார். கடையில் மோட்டாரைத் தூக்கிப் பார்த்தே எடை சொல்கிற ஆள். அந்தக் கையிடம் எதை மறைக்க முடியும்? மெல்ல இறக்கிவிட்டார்.

"எப்போலேர்ந்து?"

"நீங்க புது பேட்டரி போட்டதுலேர்ந்து."

"நான் ஊரெல்லாம் என் மோட்டாரு, என் மோட்டாருன்னு பீத்திக்கிட்டுத் திரிஞ்சேனேடி" என்று முகத்தை மூடிக்கொண்டு அழுதார். எனக்குக் கோபம்தான் வந்தது. சாகப்போகிறவள் நான் கல்லாட்டம் நிற்கிறேன், இவர் அழுகிறாரே என்று. தம்பி தலையைக் குனிந்துகொண்டு வாசல் பக்கம் போய்விட்டான்.

மறுநாள் காலை பாலத்தின் அடிக்கு வந்ததும் மோட்டாரை அணைத்துவிட்டு பெடலை மிதிக்க ஆரம்பித்தார்.

"ஏங்க, மோட்டாரப் போடுங்க. பெட் போயிடப் போகுது."

"போகாது. சும்மா இரு."

எழுந்து நின்று மிதித்தார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. நான் நடந்தால்கூட அந்த வேகத்துக்குப் போயிருப்பேன். என் கனம் அவர் காலுக்குத் தெரிய வேண்டியிருந்தது, அவ்வளவுதான். மூச்சு வாங்கி அவர் மறுபடி சீட்டில் உட்கார்ந்ததும், உடம்பில் மிச்சமிருந்த பாரத்தையெல்லாம் சேர்த்து அவர் முதுகில் சாய்ந்தேன்.

"கனக்குறேனா?"

"பயங்கர கனம்டி" என்றார் மூச்சிரைக்க.

பொய்தான். நான் இன்னும் கொஞ்சம் அழுத்திச் சாய்ந்துகொண்டேன்.