உலாவப் போனவர்

தேங்காயெண்ணெயைத் தொட்டு ரெங்கராஜின் கட்டைவிரலை அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தாள் அமிர்தவல்லி. சீயக்காய் போட்டுப் பார்த்தாயிற்று, அசையவில்லை. உள்ளங்கை ரேகையெல்லாம் கறுப்பு. வாசலில் பந்தலுக்குக் கம்பு வந்து இறங்கும் சத்தம் கேட்டது. குளிப்பாட்ட எடுப்பதற்குள் இந்தக் கை வெளுத்தாக வேண்டும். உயிரோடு இருந்தபோதும் இந்த மனுசன் அவளுக்கு இப்படித்தான் வேலை வைத்தார்.

புதுக்கோட்டைச் சீமையின் ஏரி, குளங்களைப் பற்றிய கல்வெட்டுகளை வைத்து டாக்டர் பட்டத்துக்குத் தீசிஸ் எழுதிக்கொண்டிருந்தார். வேலை பார்த்த கல்லூரியில் லீவு போட்டுவிட்டு, சொந்த ஊரான அன்னவாசலில் வந்து உட்கார்ந்தார். சோறு ஆறும், காப்பியில் ஆடை கட்டும், யுத்த காலத்தில் அலைந்து வாங்கிய மண்ணெண்ணெய் தீரும், தீசிஸ் மட்டும் தீராது. கேட்டால், "இன்னும் ஒரே ஒரு கல்வெட்டு, அமிர்தம்" என்பார். அந்த ஒன்று எத்தனையோ தடவை ஒன்றாகவே இருந்தது.

போன தை மாதம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தபோது டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நேரத்துக்குச் சாப்பாடு, நேரத்துக்குத் தூக்கம், காலையில் சமதரையில் கொஞ்சம் உலாவல். கல்வெட்டு தேடி மலை ஏறவே கூடாது. அன்றைக்கே அமிர்தவல்லி ஆட்சியைக் கையில் எடுத்தாள். வெண்கலத் தட்டைக் கரண்டியால் தட்டினால் பேனாவை வைத்துவிட வேண்டும். கல்வெட்டைக் காகிதத்தில் படி எடுக்கும் மைக்குடுவையும் பிரஷ்ஷும் பரணுக்குப் போயின.

அவரும் பசு மாதிரி தலையாட்டினார். அப்போதே அவளுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

முன்பெல்லாம் மை அப்பிய கையோடு வந்து இலையில் உட்காருவார். "கையக் கழுவிட்டு வாங்க" என்பாள். "கழுவிட்டேன், போகல" என்பார். தினமும் இதே பாட்டு. இந்தச் சில மாதமாக விடிந்ததும் ஊருணிக் கரைக்கு உலாவப் போய், கைகால் சுத்தமாகக் கழுவிக்கொண்டு வந்தார். மனுசனைத் திருத்திவிட்டேன் என்று அவள் தெருவெல்லாம் பெருமையடித்துக்கொண்டாள்.

இன்று காலை வண்டிக்கார ஆண்டிச்சாமி அவரைக் கைகால் தெரியாமல் துண்டால் போர்த்தி வண்டியில் போட்டுக் கொண்டுவந்தான். எல்லோரும் அழுது கொஞ்சம் ஓய்ந்த பிறகு, கொல்லைப்பக்கமாக வந்து அவளைக் கூப்பிட்டான்.

"ஆயி, ஐயா ஊருணிக்கரையில விழுந்து கெடந்தாருன்னு சொன்னேன்ல. அது நெசமில்லீங்க." கையிலிருந்த வைக்கோல் கட்டுக்குள்ளிருந்து ஒரு குடுவை, பிரஷ், சுருட்டிய காகிதம் எல்லாம் வெளியே வந்தன. "தெனமும் தெருமுக்கு வரைக்கும்தான் நடப்பாரு. பெறகு நம்ம வண்டிதான். மலைக்கு மேக்க ஒரு பாறை, அதுல ஏறிப் படி எடுப்பாரு. வரயில ஊருணியில மண்ணு போட்டுத் தேச்சுக் கழுவிக்கிருவாரு. இன்னைக்குத்தான் கழுவ வாய்க்கல."

மாட்டுவண்டியில் உலாவப் போன மனுசன் உலகத்திலேயே இவர் ஒருவராகத்தான் இருக்கும். அவளுக்கு அழுகை நின்று கோபம் வந்தது. புதுக் குடுவை வேறு வாங்கியிருக்கிறார்.

கூடத்தில் நாத்தனார் மூக்காயியின் குரல் ஓங்கியது. "செவனேன்னு உக்காந்து எழுதிக்கிட்டுக் கெடந்த எந்தம்பிய, நட நடன்னு வெரட்டியே கொன்னுபுட்டாளே!" கூட இருந்த பெண்கள் உச்சுக்கொட்டினார்கள்.

அமிர்தவல்லி விருட்டென்று அவரைக் கிடத்தியிருந்த அறைக்குள் வந்தாள். கூடத்துக் கதவைத் திறந்து இந்தக் கையைத் தூக்கிக் காட்டினால் போதும், எல்லாருடைய வாயும் அடைத்துவிடும். தாழ்ப்பாள் வரைக்கும் போனவள் நின்றாள். மூக்காயி முன்பே சொல்லி வைத்திருக்கிறாள்: "இந்தக் காகிதக் கட்டால அவனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா, கட்டோட அவன் நெஞ்சுமேல வச்சுக் கொளுத்திப்புடுவேன்." சொன்னால் செய்கிறவள்.

அவளே அந்தக் கட்டை அடுப்பில் வைக்க நினைத்த நாட்கள் உண்டு. அவர் தின்னாத சோறும் தூங்காத தூக்கமும் அதற்குள்தான் இருந்தன. ஆண்டிச்சாமி கொடுத்த காகிதத்தை விரித்தாள். ஈரம் இன்னும் காயவில்லை. கறுப்பில் வெள்ளை வெள்ளையாக எழுத்துகள், கடைசி வரிவரைக்கும் பிசிறில்லாமல் விழுந்திருந்தன. முடித்துவிட்டுத்தான் விழுந்திருக்கிறார்.

"பாவி மனுசா" என்று வாய்விட்டு அழுதாள். பிறகு காகிதத்தைத் தீசிஸ் கட்டோடு சேர்த்துத் தன் கூறைப்புடவைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள். சீயக்காயையும் எண்ணெய்க் கிண்ணத்தையும் எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்போது தேய்க்க ஆரம்பித்ததுதான்.

பந்தல் போட்டு முடித்த ஆட்கள் கதவைத் தட்டினார்கள். குளிப்பாட்டும்போது மூக்காயி தம்பியின் கையை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். "இந்தக் கைய மை இல்லாமப் பாக்க எம்புட்டு நாளு ஆசப்பட்டேன்! மலைக்கே போகாம இருந்தானே. நீ சும்மா விட்டிருக்கக் கூடாதா அமிர்தம்? நடக்கச் சொன்னது நீதானே?"

"ஆமா மதினி. நான்தான் சொன்னேன்."

வாய்க்கரிசி போடக் கூப்பிட்டார்கள். அமிர்தவல்லி குனிந்து அரிசியை அள்ளினாள். மூக்காயியின் பார்வை அவள் விரல்களில் நின்றது. அவர் கையை விட்டுப் போன மையெல்லாம் இவள் நகக்கண்ணில் ஏறியிருந்தது.

"என்னடி இது, இம்புட்டுக் கரி? கையக் கழுவிட்டு வந்து போடக்கூடாது?"

அமிர்தவல்லி ஒரு கணம் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"கழுவிட்டேன் மதினி. போகல."

அரிசியை அவர் வாயில் இட்டுவிட்டு, விரல்களை மடக்கிக்கொண்டாள்.