அந்த 'மாதிரி' எங்கே போச்சு?

அக்காவுக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் கோர்ட் பெஞ்சையே தூக்கி அடிச்சிருப்பா. கூண்டுல நிக்கிறது அவளோட தம்பி. லிஃப்ட் ரிப்பேர் பண்றவன், ஒருத்தரை அதட்டக்கூடத் தெரியாத வாயில்லாப்பூச்சி. மருந்துக்கடைக்காரம்மா கையை உடைச்சு, பையைப் பிடுங்கிட்டு ஓடினது இவன்தானாம்! பிடுங்கினவனும் நீலச் சட்டையாம்; அன்னைக்கு அந்தத் தெருவுல நீலச் சட்டையோட வேலை பார்த்ததைத் தவிர வேற என்ன பாவம் பண்ணினான்? இப்ப அந்தம்மா வாயிலிருந்து வர்றதுலதான் இருக்கு, தம்பி வீட்டுக்கு வர்றதும் மறுபடி ஜெயிலுக்குப் போறதும்.

"இவர்தான்"னு அந்தம்மா கையை நீட்டிட்டாங்க.

பொய் சொன்னாங்கன்னாலாவது மண்ணை வாரித் தூத்தலாம். அந்தம்மா மனசார நம்பியில்ல சொல்றாங்க! அதைத்தான் தாங்க முடியலை.

தம்பியோட வக்கீல் எழுந்தார்.

"போலீஸ் முதல்ல இவர் போட்டோவைக் காட்டினப்ப என்னம்மா சொன்னீங்க?"

"இவர் மாதிரி இருக்குன்னேன்."

"அப்புறம் அடையாள அணிவகுப்பு. வரிசையில நின்னவங்கள்ல நீங்க போட்டோவுல பார்த்த ஆள் யாரு?"

"இவர் ஒருத்தர்தான்."

"அங்கே என்ன சொன்னீங்க?"

"இவர்தான்னு சொன்னேன்."

"நடுவுல அந்த 'மாதிரி' எங்கம்மா போச்சு?"

அப்படிக் கேளுங்கய்யா! ஆனா அரசு வக்கீல் சும்மா இருப்பாரா, துள்ளி எழுந்தார். "ஐயா, பேச்சுல எல்லாரும் அப்படித்தான் சொல்றோம். தலை வலிக்கிற மாதிரி இருக்குன்னா வலிக்குதுன்னுதானே அர்த்தம்?" நாலு பேர் சிரிச்சாங்க. அக்கா பல்லை நறநறன்னு கடிச்சா. இவங்க சிரிப்புக்கு என் தம்பிதான் கிடைச்சானா?

நீதிபதி சாட்சியைப் பார்த்தார். "போட்டோவை விடுங்கம்மா. அன்னைக்குப் பையைப் பிடுங்கினவன் முகத்தை மட்டும் நினைச்சுப் பாருங்க."

அந்தம்மா கண்ணை மூடிக்கிட்டு நின்னாங்க. "வரலைங்கய்யா. எப்படி நினைச்சாலும் அந்த போட்டோவுல இருக்கிற முகம்தான் வருது."

இந்த அடையாளத்தை நம்ப முடியாது, வேற சாட்சியமும் இல்லைன்னு அடுத்த வாரமே விடுதலை. அக்காவுக்குக் கும்பிடத் தோணலை. சும்மா இருந்தவனை வருஷக்கணக்கா உள்ளே வச்சுட்டு இப்ப விடுறதுக்குக் கும்பிடு வேறயா?

தீர்ப்பு கேட்க அந்தம்மாவும் வந்திருந்தாங்க. படிக்கட்டுல தம்பி, பைத்தியக்காரன், "உண்மையைச் சொன்னீங்கம்மா"ன்னு நன்றி சொல்லக் கிட்ட போனான்.

அந்தம்மா வீல்னு கத்தி, ஒட்டவச்ச கையை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு சுவத்துல சாய்ஞ்சாங்க.

"அவன் இல்லைம்மா! இன்னுமா புரியலை?" அக்கா பாய்ஞ்சா.

"புரியுதும்மா. இவர் இல்லைன்னு புரியுது." அந்தம்மாவுக்கு உடம்பெல்லாம் உதறல். "ஆனா ராத்திரி கனவுல இவர்தானே வர்றாரு, நான் என்ன பண்ணட்டும்?"

தம்பி தலையைக் குனிஞ்சுக்கிட்டான். கீழே, அந்த போட்டோவைக் காட்டின இன்ஸ்பெக்டர் ஜீப்ல சாய்ஞ்சு செல்போன் பார்த்துட்டிருந்தார். அக்கா நேரா போய் அவர் முன்னால நின்னா.

"அதான் விட்டாச்சே, கிளம்புங்கம்மா"ன்னார், தலையைத் தூக்காமலே.

"எங்கய்யா விட்டீங்க?" அக்கா போட்ட சத்தத்துல கோர்ட் வாசலே திரும்பிப் பார்த்தது. "மேலே போய்ப் பாருங்க! அந்தம்மா முன்னால இவன் குத்தவாளி மாதிரி தலை குனிஞ்சு நிக்கிறான், இவனைப் பார்த்து அந்தம்மா நடுங்குறாங்க. அடிச்சவன் எங்கேயோ நிம்மதியா திரியறான்!"