முயல் கடித்த தோள்

பல் கட்டுவதுதான் அவனுக்குத் தொழில். பல் டாக்டர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள். அவன் தன் பட்டறை மேஜையில் குனிந்து உட்கார்ந்து, பார்த்தே இராத வாய்களுக்கெல்லாம் சிரிப்பு செய்து அனுப்புவான். தெருவில் எதிரே வருகிறவர் சிரித்தால் முகம் அவன் மனதில் நிற்காது, பல்தான் நிற்கும். அப்படிப்பட்டவனுக்குக் கடிக்கிற மகள் வாய்த்தாள்.

மகளுக்கு இரண்டரை வயது. முதன்முதலில் முளைத்த இரண்டு பல்லைப் பார்த்துப் பூரித்துப்போய் அவன் வைத்த செல்லப்பெயர் முயல். பேச்சு இன்னும் சரியாக வரவில்லை. பல் மட்டும் குறையில்லாமல் வந்துவிட்டது.

வழக்கமாக அவளைக் காப்பகத்திலிருந்து அழைத்து வருவது அவன் மனைவி. ரயிலில் டிக்கெட் பரிசோதகர் அவள். அன்று அவளுக்கு மாலை வேலை என்பதால் அவன் போனான். டீச்சர் அவனை ஓரமாகக் கூப்பிட்டுத் தன் போனில் ஒரு படத்தைக் காட்டினார். ஏதோ ஒரு சின்னப் பிள்ளையின் தோள். அதில் இரண்டு பிறை வடிவில் சிவந்த தடம்.

அவன் போனை வாங்கிப் படத்தைப் பெரிதாக்கினான்.

"மேல் வரிசை என்ன சீரா இருக்கு பாருங்க! ஒரு பல்லுகூடக் கோணல் இல்ல."

வாயை விட்டு வந்த பிறகுதான் உறைத்தது. டீச்சர் போனை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார்.

"சார், இது உங்க பொண்ணு கடிச்சது. அந்தப் பையன் எப்படித் துடிச்சான் தெரியுமா? இந்த வாரத்துல முதல் தடவையும் இல்ல."

"யாரு பையன்? நான் போய் மன்னிப்பாவது கேட்டுட்டு வரேன்."

"அதெல்லாம் நாங்க சொல்றதில்ல. சொன்னா பெரியவங்க சண்டை ஆரம்பிச்சிடும். சின்னவங்க சண்டையே எங்களுக்குப் போதும்."

வீட்டுக்கு வந்ததும் அக்காவுக்குப் போன் போட்டான். அக்காவிடம் எதற்கும் ஒரு மருந்து உண்டு.

"நீயும் ஒரு கடி கடிடா. அப்பத்தான் வலி என்னன்னு தெரியும்."

மனசு கேட்கவில்லை. இருந்தாலும் மகளின் கையை எடுத்து லேசாகப் பல் பட வைத்துப் பார்த்தான். அவள் கெக்கெக்கே என்று சிரித்து இன்னொரு கையையும் நீட்டினாள். அப்பாவும் இந்த விளையாட்டுக்கு வந்துவிட்டார் என்று அவளுக்கு ஒரே குஷி.

அடுத்து இணையத்தில் தேடினான். ஒரு அம்மையார் கண்டுகொள்ளவே கூடாது என்றார். இன்னொருவர் கண்டித்தே தீர வேண்டும் என்றார். மூன்றாமவர், குழந்தை கடிக்கும்போது பெற்றவர் கண்ணை மூடி மூச்சை ஆழமாக இழுத்துவிட வேண்டும் என்றார். அவன் கண்ணை மூடி மூச்சை இழுத்தான். முயல் அவன் முழங்காலைப் பதம் பார்த்தது.

வேலை முடிந்து வந்த மனைவி, முழங்காலில் ஐஸ் கட்டியோடு உட்கார்ந்திருந்தவனைப் பார்த்துச் சிரியோ சிரி என்று சிரித்தாள்.

"ஆளுக்கு ஒண்ணு சொல்வாங்க. எல்லாத்தையும் நம்ம பொண்ணுமேல பரிசோதனை பண்ணாதீங்க. சனிக்கிழமை காலைல நூலகத்து மாடில பெத்தவங்க கூடிப் பேசறாங்களாம், குழந்தை நல நர்ஸ் ஒருத்தர் வராங்களாம். வண்டில ஒரு அம்மா சொன்னாங்க."

"டிக்கெட் கேட்டா இதெல்லாமா சொல்வாங்க?"

"டிக்கெட்டைத் தவிர எல்லாம் சொல்வாங்க. எனக்கு அன்னைக்கு டியூட்டி. நீங்க அவளைக் கூட்டிட்டுப் போயிட்டு வாங்க."

போனான். நூலகத்தின் சிறுவர் பகுதி அது. நாற்காலிகளும் சிறுவர்களுக்கானவை. உட்கார்ந்தால் முழங்கால் காதைத் தொட்டது. ஏழெட்டுப் பெற்றோர் வட்டமாக இருந்தார்கள். பிள்ளைகள் மூலையில் விரித்திருந்த மெத்தையில் கட்டைகளை அடுக்கி விளையாடினார்கள். முயலும் ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டாள். நர்ஸ் கொஞ்சம் பருத்த, நிதானமான பெண்மணி. "யாரு முதல்ல ஆரம்பிக்கறீங்க?" என்றார்.

"நான் சொல்றேன்," என்றார் பக்கத்து நாற்காலிக்காரம்மா. வேன் ஓட்டுகிறவர். கை நிறையச் சாவி, கணீரென்ற குரல். "என் பையன் பஞ்சு மாதிரி, ஒரு வம்புக்கும் போகமாட்டான். காப்பகத்துல எவளோ ஒரு பொண்ணு அவன் தோளைக் கடிச்சு வச்சிருக்கா. அதுகூடப் போகட்டும். அந்தப் பொண்ணோட அப்பா, தடத்தைப் பார்த்துட்டு, 'வரிசை என்ன சீரா இருக்கு'ன்னாராம்! டீச்சரே தாங்கமாட்டாம எங்கிட்ட சொல்லிட்டாங்க. இப்படியும் ஒரு மனுஷன் இருப்பானா?"

வட்டமே உச்சுக்கொட்டியது. அவனும் சேர்ந்து உச்சுக்கொட்டினான். வேறு என்ன செய்வது?

வேன்காரம்மாவுக்கு அந்த அனுதாபம் பிடித்துப்போயிற்று. அவன் பக்கம் திரும்பி, "நீங்க என்ன சார் வேலை பாக்கறீங்க?" என்று அன்பாகக் கேட்டார்.

டெய்லர் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது.

"பல் கட்டறேங்க." அப்புறம், தரையைப் பார்த்துக்கொண்டே, "அந்த மனுஷன் நான்தான்," என்றான்.

வேன்காரம்மா வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். இந்தச் சங்கடத்திலும் அவனுக்கு அவருடைய கடைவாயில் ஒரு பல் கட்ட வேண்டியிருப்பது தெரிந்தது. நல்லவேளையாகச் சொல்லவில்லை.

நர்ஸ் குறுக்கே வந்தார். "சண்டையை அப்புறம் வச்சுக்கலாம். கடிக்கறதுக்குக் கொஞ்சம் முன்னாடி என்ன நடந்துச்சு? ரெண்டு பேருக்கும் தெரியுமா?"

பதில் மெத்தையிலிருந்து வந்தது.

வேன்காரம்மாவின் பஞ்சுப் பையன், முயலின் பின்னால் போய் நின்றான். அவளுடைய இரட்டைப் பின்னலை ஆசை ஆசையாகப் பார்த்தான். பிறகு இரண்டு கையாலும் கைக்கொன்றாகப் பிடித்து, வண்டி ஓட்டுகிறவன் மாதிரி இழுத்தான். முகமெல்லாம் சிரிப்பு. முயல் வீலென்று கத்தித் திரும்பினாள். வாய் திறந்தது.

இரண்டு பெற்றோரும் நாற்காலியோடு எழுந்து ஓடினார்கள். சின்ன நாற்காலி இருவர் இடுப்பிலும் சிக்கிக்கொண்டிருந்தது. நர்ஸ் முந்திக்கொண்டு மண்டியிட்டு, இருவருக்கும் நடுவே கையை நீட்டினார். "விடு" என்று முயலைப் பார்த்து, அவள் சொல்ல வேண்டியதைத் தானே சொன்னார். "'விடு'ன்னு சொல்லும்மா. பஞ்சு, மெதுவா. அவளுக்கு வலிக்குது."

வேன்காரம்மா தலையில் கைவைத்தார். "ஐயையோ, என் முடியையும் இப்படித்தான் இழுப்பான். பாசம் வந்தா இழுப்பான்."

"அவ்வளவுதான் விஷயம்," என்றார் நர்ஸ். "பிடிச்சிருக்குன்னு இவன் கையால சொல்றான். வலிக்குதுன்னு இவ பல்லால சொல்றா. ரெண்டு பேர்கிட்டயும் வார்த்தை இல்ல. இந்த வயசுல நிறையக் குழந்தைங்க இப்படித்தான். பதிலுக்குக் கடிக்காதீங்க, நீளமாப் பேசாதீங்க. கடிபட்ட பிள்ளையை முதல்ல கவனிங்க. அப்புறம் ஒரே ஒரு வார்த்தை கொடுங்க. காப்பகத்துலயும் அதே வார்த்தையைச் சொல்லச் சொல்லுங்க."

அவன் நாற்காலியை இடுப்பிலிருந்து கழற்றிவிட்டு, "மன்னிச்சுக்குங்க," என்றான்.

"நீங்களும் மன்னிச்சுக்குங்க," என்றார் வேன்காரம்மா. பிறகு சிரிப்பை அடக்க முடியாமல், "வரிசை சீராத்தான் சார் இருந்துச்சு," என்றார்.

உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. முயல் தலையணையைக் கடித்தாள். ஒருநாள் பஞ்சுவின் முழங்கையையும் கடித்தாள். வீட்டிலும் காப்பகத்திலும் சளைக்காமல் அதே வார்த்தையைச் சொன்னார்கள். ஒரு மாலை பஞ்சுவின் கை பின்னலை நோக்கி நீண்டபோது, முயல் திரும்பி, கூடமே அதிர, "விடு!" என்றாள். பஞ்சு மிரண்டுபோய்க் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். டீச்சர் அழாத குறையாகப் போனில் சொன்னார்.

அதன் பிறகு வீட்டில் அந்த வார்த்தைக்கு ஓய்வில்லை. சீப்பை எடுத்தால் விடு. துண்டை எடுத்தால் விடு. அம்மா முத்தம் கொடுத்தால், முழுசாக வாங்கிக்கொண்டு, விடு. அவனுக்கு ஒவ்வொரு தடவையும் பெருமையாகத்தான் இருந்தது.

கடி நின்ற பிறகும் அவன் சனிக்கிழமைகளில் போவதை நிறுத்தவில்லை. "இன்னும் எதுக்குப் போறீங்க?" என்று மனைவி கேட்டாள். அந்த வாரம் அவனிடம் காரணம் இருந்தது. முயல் புதிதாகச் செருப்புகளை ஒளித்துவைக்கத் தொடங்கியிருந்தாள். ஒரு காலில் ஷூவும் மறுகாலில் மனைவியின் செருப்புமாக அவன் நூலகப் படியேறியபோது, மேலே நின்றிருந்த வேன்காரம்மா அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தன் கால்களைக் காட்டினார். பஞ்சுவின் புண்ணியத்தில் அவர் வெறுங்காலோடு வந்திருந்தார்.