பின்னறையின் அகலம்

‘ஜூலை 9. பின்னறையின் அகலம் பதினோரு அடி என்று நேற்று எழுதியது என் தவறு. இன்று இரண்டு முறை அளந்தேன். பத்தடி பத்து அங்குலம்தான். டேப்பைத் தொய்வாகப் பிடித்திருப்பேன்.’

இதை எழுதியவள்மேல் எந்தத் தவறும் இல்லை. பூட்டுக் கம்பெனியின் பின்னறை ஒரே நாளில் இரண்டு அங்குலம் சுருங்கியிருந்தது. மறுநாள் இன்னும் இரண்டு சுருங்கியது. அந்த அறையையும் அதிலிருந்த கம்ப்யூட்டர் பெட்டியையும் பார்த்துக்கொள்வது அவள் வேலை. மாலையில் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போவாள். எதையும் ஒருமுறை செய்து நிம்மதி அடைந்ததில்லை என்பதால் கம்பெனியில் அவளுக்குப் பெயர் ‘இன்னொருதரம்’. அறையை அளக்க வைத்தவர் முதலாளியம்மா. “தெருவுல எல்லாரும் கிளவுடுக்குப் போயிட்டாங்க. நம்ம பெட்டியில இருக்கறத எங்கயோ இருக்கற பெரிய கம்ப்யூட்டர்ல வாடகைக்கு வைக்கறதாம். ஏன் போறாங்கன்னு விசாரிச்சு வெள்ளிக்கிழமைக்குள்ள எழுதிக் குடு. நீ வேணாம்னு எழுதினா வேணாம்” என்றிருந்தார். பெட்டி எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்பதிலிருந்து அவள் தொடங்கினாள். திங்கட்கிழமை வந்த கிளவுட் கம்பெனி ஆள், மாடு வாங்க வந்தவர் முதுகைத் தட்டுவதுபோல அறைச் சுவரை இரண்டு தட்டு தட்டிவிட்டுப் போனதைப் பார்த்திருந்தாள். அதையும் நோட்டில் எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டாள்.

பெட்டியில் இருந்தவை எண்கள். கம்பெனி விற்ற நாற்பதாயிரம் பூட்டுகளுக்கும் சாவி வெட்டும் எண் அதில் இருந்தது. சாவியைத் தொலைத்துவிட்டு வருபவருக்கு எண்ணைப் பார்த்து அரை மணியில் புதுச்சாவி வெட்டித் தருவார்கள். போன மழைக்காலத்தில் பெட்டி இரண்டு நாள் படுத்துவிட்டது. அன்று பார்த்து ஒரு தாய், கைக்குழந்தை உள்ளே இருக்க, வாசலில் மாட்டிக்கொண்டாள். தச்சர்கள் நான்கு பேர் கதவை உடைக்க மூன்று மணி நேரம் ஆனது. கம்பெனிப் பூட்டு அவ்வளவு நல்ல பூட்டு. போனில் கேட்ட அந்த அழுகை இன்னொருதரத்தின் காதிலிருந்து இறங்கவே இல்லை. அதனால் ‘வேண்டாம்’ என்று எழுத மனம் வரவில்லை. ‘வேண்டும்’ என்று எழுதினாலோ, பெட்டியோடு அவள் நாற்காலியும் போய்விடும்.

மூன்று நாள் தெருவில் கடை கடையாக ஏறி இறங்கினாள். மருந்து மொத்த வியாபாரி, பெட்டி சூடாகிறது என்று ஏசி வாங்கி, ஏசிக்கு ஜெனரேட்டர் வாங்கி, ஜெனரேட்டருக்கு ஓர் ஆள் போட்டு, கடைசியில் மருந்து விற்கவே நேரமில்லாமல் போன கதையைச் சொன்னார். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிக்கு விடுமுறை மாதங்களில் கூட்டம், மற்ற மாதங்களில் ஈ ஓட்டும் வேலை. வாடகை இடமென்றால் கூடும்போது கூட்டலாம், குறையும்போது குறைக்கலாம். பல் மருத்துவர், மூன்று ஊரில் நகல் இருப்பதால் ஓர் ஊரே எரிந்தாலும் ஒரு பல்கூடக் காணாமல் போகாது என்றார். எல்லாம் நியாயமாகவே இருந்தன; அதனாலேயே அவளுக்குச் சந்தேகம் கூடியது. பெட்டி இருந்த அறை இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டாள். மருந்துக்காரரின் அறை செருப்பு அலமாரி அளவுக்கு வந்திருந்தது. பல் மருத்துவர் தன்னுடையதை மேசை இழுப்பறையில் போட்டு வைத்திருந்தார். சுருங்கத் தொடங்கியது அந்த ஆள் சுவரைத் தட்டிய பிறகா, அதற்கு முன்பேயா என்று கேட்டால் யாருக்கும் தேதி நினைவில்லை. ஒருவரும் அளந்து பார்க்கவில்லை.

பயிற்சிப் பள்ளியில் அறையைப் பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் கடைசிவரை அங்கிருந்து நகராதவர். இப்போது மேசை உயரம்தான் இருந்தார்.

“பயமா இல்லையாண்ணா?”

“எதுக்கு பயம்? ஒரு சட்டைத் துணியில மூணு சட்டை தைக்கறேன். பஸ்ல அரை டிக்கெட்தான்” என்று சிரித்தவர், அவள் கிளம்பும்போது கேட்டார்: “நீ உன்னை அளந்து பாத்தியா தங்கச்சி?”

திரும்பி வந்து கதவுச் சட்டத்தில் முதுகைச் சாய்த்து அளந்தாள். ஐந்தடி மூன்று அங்குலம் இருந்தவள் ஐந்தடி இரண்டு இருந்தாள். இன்னொருதரம் அளந்தாள். அதேதான்.

வெள்ளிக்கிழமை அறை பத்தடி நாலு அங்குலத்துக்கு வந்திருந்தது. கிளவுட் ஆள் படிவத்தோடு வந்து, கையெழுத்து மட்டும்தான் பாக்கி என்றார். அவள் வாங்கிப் படித்தாள். பிறகு முதலிலிருந்து மறுபடியும் படித்தாள். கம்பெனியில் ஒரு பழைய விதி உண்டு. சாவி எண் பின்னறையில் இருக்கும். எந்தப் பூட்டு எந்த வீட்டில் இருக்கிறது என்ற முகவரிக் கார்டுகள் முன்னறை அலமாரியில் இருக்கும். இரண்டும் ஒரே அறையில் இருக்கக் கூடாது. படிவத்தில் இரண்டும் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் இருந்தன.

“எண்ணும் வீடும் ஒரே எடத்துலயா சார்?”

“வசதிதானேம்மா. ஒரு தட்டு தட்டினா எல்லாம் வந்துடும்.”

“யாருக்கு?”

ஆள் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். “இந்தத் தெருவுல யாரும் இதக் கேக்கல.”

“அவங்க யாரும் பூட்டு விக்கல” என்றார் முதலாளியம்மா.

எண்கள் போகலாம், கார்டுகள் போகக் கூடாது என்று இன்னொருதரம் எழுதிக் கொடுத்தாள். அப்படியே நடந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போன பிறகும் அறை நாளுக்கு இரண்டு அங்குலமாகச் சுருங்கிக்கொண்டிருந்தது. அது ஆறடி ஆனபோதுதான் அவளுக்கு உறைத்தது: எண்கள் இப்போது முன்னறைத் திரையில் தெரிகின்றன, அப்படியானால் விதிப்படி கார்டுகள் அங்கே இருக்கக் கூடாது. அன்றே அலமாரியைப் பின்னறைக்குத் தள்ளினார்கள். ஓர் அலமாரியும் ஒரு நாற்காலியும் கொள்ளும் அளவுக்கு வந்ததும் அறை நின்றுவிட்டது. அகலம் நாலடி இரண்டு அங்குலம். அதுவரை முன்னறைத் திரையிலேயே வேலை பார்த்ததால் அவள் அதற்குமேல் குறையவில்லை; ஆனால் போன ஓர் அங்குல உயரம் திரும்பவும் இல்லை. உடைகளின் ஓரத்தை மடித்துத் தைத்துக்கொண்டாள். அடுத்த மழையில் தெருவில் நான்கு நாள் மின்சாரம் இல்லை. ஜெனரேட்டர் வைத்துச் சாவி வெட்டினார்கள், எண்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, யாரும் வாசலில் நிற்கவில்லை. பல் மருத்துவரின் அறை ஒருநாள் இழுப்பறையைச் சுத்தம் செய்தபோது குப்பையோடு போனது. மூன்று ஆண்டுகளாக கிளவுட் ஆள் ஜூலைதோறும் வருகிறார், கார்டுகளையும் ஏற்றிவிட்டால் இந்த இடமும் மிச்சமாகுமே என்கிறார், போகும்போது சுவரைத் தட்டுகிறார். அவள் நாற்காலியில் இருந்தபடியே அவர் கையைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருப்பது இது:

‘நாளை பத்து மணிக்கு கிளவுட் ஆள் வருகிறார். வருவதற்கு முன் அகலத்தை அளக்க வேண்டும். போன பிறகு இன்னொருதரம்.’