1904-இல் தவணை முடிந்த மாடம்

நின்ஃபாவின் புருஷன் சத்துர்னினோ செத்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. அதற்குள் கல்லறை அலுவலகத்திலிருந்து காகிதம் வந்துவிட்டது. சவப்பெட்டி இருக்கும் சுவர் மாடத்தின் வாடகைத் தவணை 1904 செப்டம்பரோடு முடிந்துவிட்டதாம். பத்து நாளில் காலி செய்யாவிட்டால் உடல் பொதுக்குழிக்குப் போகுமாம்.

அடுத்த வாரம், செத்தவர்கள் வீட்டாரைப் பார்க்கத் திரும்பி வரும் ஆத்மாக்கள் திருநாள். மத்தியானம் மனுஷன் பசியோடு வந்திறங்குவான். மாடமே இல்லையென்றால் அவனுக்கென்று சுடும் பொம்மை ரொட்டியை எங்கே கொண்டுபோய் வைப்பது? நின்ஃபா கறுப்புச் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கல்லறை அலுவலகத்துக்குக் கிளம்பினாள்.

"தோன் கசிமிரோ, பதினஞ்சு வருஷத்துக்குத்தானே எழுதிக் குடுத்தீங்க? 1904-ல அவரோட அப்பாவே பிறக்கலையே!"

"அதைத்தான் நானும் சொல்றேன், தோன்யா" என்றார் குமாஸ்தா, கன்னத்தில் கோக்கா இலையை அதக்கியபடி. "நூத்தி இருபத்தோரு வருஷமா காலி பண்ணாம இருந்திருக்காரு. மிஷின் பொய் சொல்லுமா?"

பழைய கணினிகளை 2038-க்குத் தயார்படுத்தத் தலைநகரிலிருந்து வந்திருந்த இஞ்சினியர் வால்தர், கறி அடைத்த சால்தேன்யாப் பணியாரத்தைக் கடித்துக்கொண்டே சிரித்தார். "இந்த மிஷினுக்கு 2038 ஜனவரிக்கு மேல எண்ணத் தெரியாதும்மா. உங்க பதினஞ்சு வருஷம் 2040-ல முடியுது. அதைத் தாண்டினா பின்னால 1901-க்குப் போய் விழுந்து, அங்கேருந்து திரும்ப எண்ணும்."

"அப்போ சரி பண்ணுங்க, ஐயா."

"திட்டம் இருக்கு. 2037 டிசம்பர்ல ஆரம்பிக்கிறோம்."

"நீங்க ஆரம்பிக்கிற வரைக்கும் அவர் தெருவில நிப்பாரா?"

இஞ்சினியர் யோசித்தார். பிறகு எல்லாருக்கும் தவணையை 2038 ஜனவரி 18 என்றே போடச் சொன்னார். அதற்கு மேல் தேதியே இல்லையென்றால் கோளாறும் இல்லை. குமாஸ்தா மூவாயிரம் பிணங்களுக்கும் அதே நாளைத் தட்டினார். 'தயார்நிலை முழுமை' என்ற அறிக்கையில் முத்திரை விழுந்தது.

"அத்தனை பேரையும் ஒரே நாள்ல வெளியேத்துவீங்களா, தோன் கசிமிரோ?"

"நான் 2037-ல ரிட்டயர், தோன்யா."

திருநாளன்று நின்ஃபா மாடத்துக் கண்ணாடியைத் துடைத்து ரொட்டியை வைத்தாள். சத்துர்னினோ மினிபஸ் ஓட்டினவன். கடைசி சீட்டு நிறையாமல் நகரவே மாட்டான்.

"பன்னெண்டு வருஷம் நிம்மதியாப் படுத்துக்கோ, கிழவா" என்றாள். "அன்னைக்கு மூவாயிரம் பேர் சேர்ந்து வருவாங்க. சீட்டு நிறையலைன்னு சாக்கு சொல்ல முடியாது."