ஆறாம் திருவிழாக்காரன்

கனடாவில், ஸ்காபரோவில் எங்கள் கோயிலின் ஆறாம் நாள் திருவிழாவைச் செய்யும் உரிமை சிவநேசன் குடும்பத்துடையது. ஒரு வருடம் விட்டால் வேறு யாராவது பிடித்துக்கொள்வார்கள். பிறகு தலைகீழாக நின்றாலும் கிடைக்காது. அதனால்தான், அந்தத் திருவிழாவுக்கு முந்தின நாள் காலை ஊரில், சாவகச்சேரியில், சிவநேசனின் தகப்பன் கண்ணை மூடிய செய்தி வந்ததும், அவன் மனைவி தவமலர் அறைக்கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள்: "இஞ்சாருங்கோ, திருவிழா முடியட்டும். பிறகு அழுவம்."

செத்தவீட்டுத் துடக்கோடு, அந்தத் தீட்டோடு, கோயில் வாசலை மிதிக்கக்கூடாதென்று அவளுக்குத் தெரியாதா? ஊரிலிருந்த மச்சாளிடம் வானொலி மரண அறிவித்தலைக்கூடத் தள்ளிப்போடச் சொல்லிவிட்டாள். இதையெல்லாம் சிவநேசன்தான் பிறகு என்னிடம் சொன்னான்.

மறுநாள் திருவிழா மாலையில் அவன் பட்டு வேட்டியோடு முன்னால் நின்றான். ஐயர் அர்ச்சனைக்குப் பெயர், நட்சத்திரம் கேட்டார். வழக்கமாகத் தகப்பன் பெயரைத்தான் முதலில் சொல்லுவான். அன்று தன் பெயரில் தொடங்கினான். எங்கள் ஐயருக்குப் பொல்லாத ஞாபகசக்தி.

"அப்பாவை விட்டிட்டீங்கள். கேட்டையெல்லே?"

தவமலர் முழங்கையால் இடித்தாள்.

"ஓம் ஐயா. கந்தப்பிள்ளை. கேட்டை."

ஐயர் அந்தப் பெயருக்கு நீண்ட ஆயுள் வேண்டி மந்திரம் சொன்னார். நாங்கள் எல்லோரும் கும்பிட்டோம். சிவநேசனின் காது மடல் சிவந்துபோயிருந்தது. பூசை வெக்கை என்று நினைத்தேன்.

சுவாமி வெளியே வந்து கார்கள் நிற்கும் இடத்தைச் சுற்றியது. சுவாமியைத் தோளில் காவும் முன்கொம்பில் அவன், பக்கத்தில் நான். வாசலுக்கு வெளியே, தெருவோரத்தில், அவன் சித்தப்பா குலவீரசிங்கம் காலில் சப்பாத்தைக் கழற்றாமல் நின்றார். எந்தத் திருவிழாவுக்கும் முதல் ஆளாக வந்து மாலை கட்டுகிற மனிதர். உள்ளே வரச்சொல்லிக் கூப்பிட்டேன். உடம்புக்கு ஏலாது என்று கையால் காட்டினார். நாங்கள் அவரருகே வந்தபோது சிவநேசன் தலையைக் குனிந்துகொண்டான்.

"நீ காவு மோனை," என்றார் மெதுவாக. "அண்ணை போனதை நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

ஏசியிருந்தால் தாங்கியிருப்பான். வெட்கத்தில் அவன் கால் பின்னியது. நடுவில் தோளை எடுக்கவும் முடியாது. பின்னால் மேளம் தள்ளிக்கொண்டு வந்தது. இரண்டு கையும் கொம்பில் இருக்க, கண்ணீர் தாடைவரை ஓடியது.

பார்த்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி, "என்ன பக்தி பாருங்கோ," என்று அவனைப் பார்த்துக் கும்பிட்டாள். மற்றவர்களும் கும்பிட்டார்கள்.