செவ்வாய்க்கிழமை இரத்தப்புழு

செத்துப்போன மீனுக்கு வாரம் தவறாமல் தீனி வாங்குகிற ஆளை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். மலேசியாவில், ஜொகூர் மாநிலத்துத் தெப்ராவில் ஒருவர் இருந்தார். பெயர் சிகப்பி ஆச்சி, வயது ஐம்பத்தொன்பது. கண், காது, மூளை எல்லாம் நன்றாகவே இருந்தன. பைத்தியம் என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். முழுக்கக் கேட்டுவிட்டு அப்புறம் சொல்லுங்கள்.

மீன் வளர்த்தது ஆச்சி இல்லை, அவர் கணவர் மெய்யப்பன். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுமாதமே நான்கடி நீளக் கண்ணாடித் தொட்டி ஒன்று கூடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. அதில் ஆறு டிஸ்கஸ் மீன்கள். பலகாரத் தட்டு மாதிரி வட்டமாக, தட்டையாக இருக்கும் அந்த இனத்துக்கு நாக்கு கொஞ்சம் நீளம். கடையில் விற்கிற உருண்டைத் தீனியைப் போட்டால் முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். உறையவைத்த இரத்தப்புழுதான் வேண்டும். அது சின்னச் சின்னச் சிவப்புக் கட்டிகளாகப் பாக்கெட்டில் வரும்.

அதை விற்றவர் கெலாங் பாத்தாவில் இருந்த அப்துல் பாசித். கடை கிடையாது. வீட்டுப் பின்பக்கம் மூன்று பெரிய ஃப்ரீசர், கையில் ஒரு போன், அவ்வளவுதான் வியாபாரம். வெள்ளைப் பெட்டியில் ஐஸ் பேக் வைத்துக் கட்டி ஜொகூர் முழுக்கக் கூரியரில் அனுப்புவார். டிஸ்கஸ்காரர்கள் எல்லாரும் கேட்கிறார்களே என்று, முதல் முறை அனுப்பும்போது மாட்டு இருதயம் அரைத்த பாக்கெட் ஒன்றையும் சேர்த்து வைத்துவிட்டார். அட்டையில் இருந்த படத்தை ஆச்சி பார்த்துவிட்டார். "முருகா! எதைக் கொண்டாந்து என் பிரிட்ஜ்ல வச்சிருக்கீங்க?" என்று அவர் போட்ட சத்தத்தில் மெய்யப்பன் பாக்கெட்டைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினார். ஃப்ரீசரை மஞ்சள் தண்ணீர் விட்டு மூன்று தடவை கழுவினார் ஆச்சி. விஷயம் தெரிந்ததும் பாசித் போன் செய்து ஆச்சியிடமே மன்னிப்புக் கேட்டார். அன்றிலிருந்து அந்த வீட்டுப் பெட்டியின் மேல் 'மாடு வேண்டாம்' என்று தன் கையாலேயே எழுதி அனுப்புவார்.

மனிதருக்கு இன்னொரு பழக்கம். பெட்டியைக் கூரியரிடம் கொடுக்கும் முன் வாடிக்கையாளருக்குப் போன் செய்து, வீட்டில் ஆள் இருக்கிறதா என்று கேட்காமல் அனுப்பவே மாட்டார். ஆள் இல்லாத வீட்டு வாசலில் பெட்டி வெயிலில் கிடந்தால் புழு உருகிவிடும். உருகியதைத் திரும்ப உறையவைத்துப் போட்டால் மீனுக்கு வயிறு கெடும். அதனால் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அந்தப் போன் வந்தே தீரும்.

மூன்று வருடங்களுக்கு முன் மெய்யப்பன் போய்விட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் எல்லாம் கலைந்த பிறகு வந்த முதல் செவ்வாய்க்கிழமை, போனை ஆச்சி எடுத்தார். "ஆச்சி, பாசித் பேசறேன். வீட்ல ஆள் இருக்கீங்களா?" என்றது அந்தப் பக்கம்.  இருக்கிறேன், இருக்கிறேன் என்று இரண்டு தடவை சொன்னார் ஆச்சி.

மகன் சரண் சிங்கப்பூரில் இருந்தான். ஆஸ்திரேலியாவில் இல்லை, அமெரிக்காவில் இல்லை. பாலத்தைத் தாண்டினால் சிங்கப்பூர். ஆனால் அந்தப் பாலம் இருக்கிறதே, அதைப்போல நல்ல சாக்கு உலகத்தில் கிடையாது. "ஜாம்மா ஜாம், நாலு மணி நேரம் நிக்கணும்லா. அடுத்த வாரம் பாக்கலாம்மா" என்பான். இப்படியே அடுத்த வாரம் அடுத்த மாதமாகி, தீபாவளி வந்து போய்விட்டது. தினமும் லட்சம் பேர் அந்தப் பாலத்தில் போய் வருகிறார்கள், இவனுக்கு மட்டும்தான் ஜாம். ஆச்சி இதை வாய்விட்டுச் சொன்னதில்லை. நான் சொல்கிறேன்.

ஆகவே ஆச்சிக்கு வாரத்தில் ஒரு நாள்தான் இருந்தது. செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குப் பாசித் கூப்பிடுவார், ஐந்து நிமிடம் பேசுவார். மீன்கள் ஒவ்வொன்றாகக் குறைந்து, கடைசியில் கிழட்டுச் சிவப்பு மீன் ஒன்றுதான் மிஞ்சியது. பாசித் அதற்குப் பெரியவர் என்று பெயர் வைத்திருந்தார். "பெரியவர் சாப்பிட்டாரா? கோவமா இருக்காரா? தண்ணி மாத்தினீங்களா?" என்று கேட்பார். ஆச்சி விலாவாரியாகப் பதில் சொல்வார்.

தீபாவளி கழிந்த மூன்றாம் நாள் பெரியவர் ஒருக்களித்து மிதந்தார். ஆச்சி அவரைத் தோட்டத்தில் கறிவேப்பிலைச் செடிக்குப் பக்கத்தில் புதைத்தார். அடுத்த செவ்வாய் போன் வந்ததும் விஷயத்தைச் சொல்லி, இனிமேல் அனுப்ப வேண்டாம் என்றுதான் சொல்ல நினைத்தார். வார்த்தை வாய் வரைக்கும் வந்தது. அதற்குள் பாசித், "ஆச்சி, வீட்ல ஆள் இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டார்.

"இருக்கேன் பாய். அனுப்புங்க" என்றார் ஆச்சி.

சொல்லிவிட்டால் இந்தப் போன் நின்றுவிடும். மீன் இல்லாத வீட்டுக்கு மீன் தீனிக்காரர் எதற்குக் கூப்பிடப்போகிறார்? அந்த ஒரே பயம்தான்.

அப்புறம் பொய் சரளமாக வந்தது. "இன்னிக்கு மூஞ்சியத் திருப்பிக்கிட்டு மூலையில நிக்கிறாரு பாய்" என்பார். ஒரு நாள் "என் விரலையே கடிக்க வந்துட்டாரு" என்று கூடச் சொன்னார். பாசித் விழுந்து விழுந்து சிரித்தார். போனை வைத்ததும் ஆச்சிக்கு அழுகை வந்தது. வந்த பாக்கெட்டுகளைப் பிரிக்காமல் ஃப்ரீசரில் போட்டுவைத்தார்.

டிசம்பர் நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை பாசித் வழக்கம்போல் கூப்பிட்டார். ஆனால் வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை.

"ஆச்சி, தைப்பூச விரதம் ஆரம்பிக்கப்போவுதுல்ல? போன வருஷம் மாதிரிதானே?"

ஆச்சி அதை மறந்தே போயிருந்தார். தைப்பூசத்துக்கு முந்திய நாற்பத்தெட்டு நாளும் அந்த வீட்டில் மாமிசம் நுழையக்கூடாது. சமையலில் மட்டுமில்லை, ஃப்ரீசரிலும்தான். புழுவும் மாமிசம்தானே? அதற்குப் பாசித் ஒரு வழி செய்து வைத்திருந்தார். விரதக்காரர்கள் வீட்டில் இருக்கிற பாக்கெட்டுகளைக் கூரியரிலேயே திரும்ப வாங்கி, பெட்டி மேல் பெயர் எழுதித் தன் ஃப்ரீசரில் வைத்திருப்பார். பதிலுக்குக் கீரையும் பட்டாணியும் அரைத்து உறையவைத்த பச்சைத் தீனி கொடுப்பார். பூசம் முடிந்ததும் அவரவர் பெட்டி அவரவர் வீட்டுக்குத் திரும்பி வரும்.

"கூரியர்காரன்கிட்டயே குடுத்துவிடறேன் பாய்" என்றார் ஆச்சி அவசரமாக.

"வேணாம் ஆச்சி. நாளைக்கு அந்தப் பக்கம்தான் வர்றேன். நானே வந்து எடுத்துக்கறேன். பெரியவரையும் பாத்த மாதிரி இருக்கும்."

அன்று ஆச்சிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கடையில் ஒரு சிவப்பு மீன் வாங்கி வந்து விட்டுவிடலாமா என்று யோசித்தார். நாடகத்துக்காக ஒரு உயிரைக் கொண்டுவந்து அடைப்பதற்கு மனசு வரவில்லை. கடைசியில் மெய்யப்பனின் பழைய வேட்டியை எடுத்துத் தொட்டியை நாலு பக்கமும் மூடினார். மீனுக்குச் சீக்கு, மருந்து போட்டிருக்கிறேன், வெளிச்சம் படக்கூடாது என்று சொன்னால் போயிற்று. மீன் தெரிந்தவன் எவனும் அதற்கு மேல் கேட்கமாட்டான்.

மறுநாள் காலை விரதத்துக்கு வீட்டைச் சுத்தம் செய்தார். ஃப்ரீசரை மஞ்சள் தண்ணீர் விட்டுத் துடைத்தார். அந்தக் கையோடு, வருகிற மனிதருக்குச் சிரமம் வேண்டாமே என்று, இரத்தப்புழுப் பாக்கெட்டுகளை எடுத்து வாசல் மேசையில் ஐஸ் பேக்குகளின் மேல் தேதிவாரியாக அழகாக அடுக்கியும் வைத்தார். அடுக்கி முடித்ததும் அவருக்குத் திருப்தியாகக்கூட இருந்தது. பாருங்கள், சுத்தம் பார்க்கிறவர்களுக்கு வருகிற வினை இது!

பாசித் வந்தார். போனில் கேட்ட குரலுக்குப் பெரிய உருவத்தை நினைத்து வைத்திருந்தார் ஆச்சி. வந்தவர் ஒல்லியாக, முன்தலை வழுக்கையாக, பச்சைத் தீனிப் பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். "உள்ள வாங்க பாய். பெரியவருக்குச் சீக்கு. மருந்து போட்டு மூடி வச்சிருக்கேன்" என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தார் ஆச்சி.

"அலமாக்! என்ன மருந்து போட்டீங்க?" என்று பதறிக் கேட்டுக்கொண்டே பாசித் மேசைப் பக்கம் திரும்பினார். பாக்கெட்டுகளைப் பார்த்தார். ஒவ்வொன்றின் மேலும் அவர் கையால் எழுதிய தேதி இருந்தது. ஒன்றை எடுத்துத் திருப்பினார். இன்னொன்றை எடுத்தார். எல்லாவற்றையும் பார்த்து முடித்தார்.

"ஆச்சி, ஒண்ணுகூடப் பிரிக்கலையே" என்றார்.

ஆச்சி தலையைக் குனிந்துகொண்டார். அப்புறம் போய் வேட்டியை இழுத்தார். தொட்டியில் தண்ணீர் தெளிவாக இருந்தது, விளக்கு எரிந்தது, மோட்டார் குமிழ் விட்டுக்கொண்டிருந்தது. மீன் இல்லை.

"எப்போ போனாரு?"

"தீபாவளிக்கு மூணு நாள் கழிச்சு."

பாசித்துக்கு முகம் சிவந்துவிட்டது. "என்ன ஆச்சி நீங்க! மீன் இல்லாத வீட்டுக்கு இத்தன நாளா தீனி வித்திருக்கேனே. தெரியாம செஞ்சாலும் அந்தக் காசு எனக்கு ஹலால் இல்ல. ஒரு வார்த்த சொல்லக்கூடாதா? இனிமே அனுப்ப மாட்டேன். இன்னியோட நிறுத்திக்கலாம்."

எந்த வார்த்தைக்குப் பயந்து அத்தனை பொய்யும் சொன்னாரோ, அது கூடத்தின் நடுவில் வந்து விழுந்துவிட்டது. அதற்கு மேல் மறைக்க ஆச்சியிடம் ஒன்றுமில்லை.

"மீனுக்காக வாங்கல பாய்" என்றார். "வாரத்துக்கு ஒருக்கா நீங்க போன் பண்ணி, வீட்ல ஆள் இருக்கீங்களான்னு கேப்பீங்க. வேற யாரும் என்கிட்ட அதக் கேக்கறதில்ல. அதுக்காக வாங்கினேன்."

பாசித் தான் கொண்டுவந்த பெட்டியிலிருந்து பச்சைத் தீனியை எடுத்து வெளியே வைத்தார். பிறகு பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாக அந்தப் பெட்டிக்குள் வைத்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, பெட்டி மேல் 'சிகப்பி ஆச்சி' என்று எழுதினார். அடியில் 'மாடு வேண்டாம்' என்றும் எழுதினார்.

"இதெல்லாம் எதுக்கு பாய்? வேற யாருக்காச்சும் குடுத்துடுங்க" என்றார் ஆச்சி.

"அது எப்படிக் குடுக்கறது? இது உங்க பொருள், என்கிட்ட நம்பிக் குடுத்துவச்ச அமானிதம். மீன் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? பூசம் முடிஞ்சதும் திருப்பித் தந்தாகணும்." செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "தர்றதுக்கு முன்னாடி கூப்பிடுவேன். ஐஸ் சாமான் பாருங்க."

அடுத்த செவ்வாய் பத்து மணிக்குப் போன் வரவில்லை. அதற்கடுத்த செவ்வாயும் வரவில்லை. சொன்னபடி செய்கிற மனிதர், அனுப்ப மாட்டேன் என்றால் கூப்பிடவும் மாட்டார். அந்த நேரத்தில் வீடு இருந்த இருப்பை என்னவென்று சொல்வது! ஆச்சி ஒரு வேளை மட்டும் சாப்பிட்டு விரதம் இருந்தார். தொட்டி மோட்டாரை நிறுத்தவில்லை. மற்றவர்கள் முருகனுக்காக நாற்பத்தெட்டு நாளை எண்ணினார்கள். ஆச்சியும் எண்ணினார், முருகனுக்காக மட்டும்தான் என்று அவராலேயே சத்தியம் செய்ய முடியாது. பூசத்துக்குச் சரண் வரவில்லை. ஜாம்.

பூசம் முடிந்து வந்த செவ்வாய்க்கிழமை விடியும்போதே குளித்து முடித்து, போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார் ஆச்சி. ஒன்பதே முக்காலுக்குச் சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்தார். பத்தானது. பத்தும் தாண்டியது. பத்தேகாலுக்கு அடித்தது.

"ஆச்சி, பாசித் பேசறேன். உங்க பெட்டி ரெடி, கூரியர்காரன் இங்க என் வாசல்ல நிக்கிறான். வீட்ல ஆள் இருக்கீங்களா?"

"இருக்கேன் பாய். நான் ஒருத்திதான் இருக்கேன்" என்றார் ஆச்சி. "கூரியர்ல அனுப்பாதீங்க. நீங்களே கொண்டாங்க."